இன்னைக்கு எத்தனை மில்லி?

மாசி கடைசியிலிருந்து பங்குனி முடியும்வரை எங்கள் மலையேறும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடியது. இன்னைக்கு எத்தனை மில்லி? வெளியாள் பார்த்திருந்தால் பால் சொசைட்டிக் கணக்கு என்று நினைத்திருப்பார். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவமனையில் எங்கள் தம்பி ஒருவன் படுத்திருந்தான், அவனுக்கு ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் பிரிந்தது என்பதுதான் அந்தக் கணக்கு. அதே குழுவில் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தால், எங்களுக்கெல்லாம் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி அண்ணனின் படமும் மாலையும் இருக்கும்.

நடந்ததை எழுதிவை என்று டீச்சரக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். பாறை ஏறுகிற வேறு பையன்கள் படித்தால் ஏதாவது பிரயோஜனப்படும் என்றார். எனக்கு எழுத வராது, வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நாங்கள் பெரிய மலையேற்றக்காரர்கள் எல்லாம் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிற என்னைப் போன்ற ஏழெட்டுப் பேர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர், பாலிடெக்னிக் பையன்கள், எல்லாரும் சேர்த்து இருபது பேர் இருப்போம், ஞாயிறு விடிகாலையில் நிஜமாக எழுந்து வருகிறவர்கள் ஐந்தாறு பேர். கிருஷ்ணகிரிக்காரனுக்குக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் போனாலும் ஜன்னலில் ஒரு கரடு கூடவே வரும். பெங்களூர்க்காரர்கள் ராமநகரம், சாவனதுர்கா என்று போய் ஏறுகிறார்கள், நாங்களும் அங்கே போய்த்தான் பழகினோம், அப்புறம் இதே கருங்கல்தானே நம்ம ஊரிலும் என்று திரும்பி வந்தோம். ராயக்கோட்டை மலைக்கோட்டைப் பக்கம் போக மாட்டோம், அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற இடம், அங்கே பாறையில் ஒரு துளை போட்டாலும் குற்றம். காப்புக்காட்டுக்குள்ளும் போவதில்லை. ஊரை ஒட்டிய புறம்போக்குப் பாறைகள்தான், அதுவும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

மேஸ்திரி அண்ணன் கிரானைட் குவாரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கயிறு வித்தையை நாங்கள் வெளியே கற்றுக்கொண்டோம், கல்லை அவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். புதுப் பாறைக்குப் போனால் முதல் அரைமணி நேரம் ஏறவே விட மாட்டார். முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். கணீர் என்றால் தாய்ப்பாறை. டொக்கு டொக்கு என்றால் வெங்காயத் தோல் மாதிரி மேலே ஒரு பொருக்கு பிரிந்து நிற்கிறது, அதில் கயிறு மாட்டுகிற போல்ட் போட்டால் பொருக்கோடு வந்துவிடும். துளை போட்டதும் ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு வாயால் ஊதி, தூசி முகத்தில் அடித்து இருமிக்கொண்டே, மறுபடி பிரஷ் விட்டு, மறுபடி ஊதுவார். "மாவு இருந்தா பிடிக்காது ப்பா. ஆளு தொங்கறது இரும்புல இல்ல, துளை சுத்தத்துல." இவ்வளவு பார்க்கிற மனிதருக்கு அன்றைக்குப் பாறையால் எதுவும் ஆகவில்லை, போல்ட்டால் ஆகவில்லை, கயிற்றாலும் ஆகவில்லை. தேனீயால் ஆனது.

அது மாசி மாதத்து ஞாயிறு. ஊரெல்லாம் மாம்பூ. நாங்கள் ஏறுகிற முகத்துக்கு இடது பக்கம், ஒரு நாற்பது மீட்டர் தள்ளி, கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கடியில் மூன்று அடைகள் தொங்கின. மலைத்தேனீ. வீட்டுப் பெட்டியில் வளர்க்கிற ஜாதி இல்லை இது, திறந்த வெளியில் ஒரே பெரிய அடையாகக் கட்டும், முறம் அளவுக்கு, சிலது அதைவிடப் பெரிதாக. எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. போன வருஷமும் இருந்தது, அதற்கு முந்தின வருஷமும் இருந்தது. கீழே நின்று போட்டோகூட எடுத்திருக்கிறோம். மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதையே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணன் முதலில் ஏறி, இருபத்தைந்து மீட்டரில் இரண்டு போல்ட் இருக்கும் சின்ன மேடையில் நின்று, தம்பியை மேலே எடுத்துக்கொண்டார். தம்பிக்கு 19 வயது, காவேரிப்பட்டணத்துப் பையன், எலும்பும் தோலுமாக இருப்பான், ஆனால் பாறையில் பல்லி. நான் கீழே. மணி எட்டே முக்கால் இருக்கும். முதலில் எனக்குக் கேட்டது சத்தம்தான், யாரோ தூரத்தில் ஜெனரேட்டர் போட்ட மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் அடையின் மேல் தோல் சிலிர்க்கிறது, அலை மாதிரி, அப்புறம் அந்தக் கறுப்பு அப்படியே கழன்று காற்றில் வந்தது.

எது கிளப்பியது என்று இன்றுவரை தெரியவில்லை. நாங்கள் புகை போடவில்லை. ஆடு மேய்க்கிற ஐயா, தேன்பருந்து அடையைக் கொத்தியதைப் பார்த்ததாகச் சொல்கிறார். இருக்கலாம், தேன்பருந்து அடையைக் கிழித்துவிட்டுப் போய்விடும், கோபம் பக்கத்தில் இருக்கிறவன் மேல் விழும். பையன்களில் ஒருவன் சென்ட் போட்டிருந்தான், அதுவாகவும் இருக்கலாம். போலீஸ், மாமா, மச்சான், டீக்கடைக்காரர் என்று கேட்காத ஆள் இல்லை, இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த ஐந்து நிமிஷத்தைப் பல பேர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணன் தன்னை விடுவித்துக்கொண்டு இறங்கப் பார்க்கவில்லை. தம்பியை இறக்கினார். முகமெல்லாம் தேனீ, காது தெரியவில்லை, கழுத்து தெரியவில்லை, ஆனால் இரண்டு கையும் கயிற்றில். சாதாரண டியூப் கருவிதான் அவரிடம் இருந்தது, கையை எடுத்தால் கயிறு ஓடிவிடும். இருபத்தைந்து மீட்டரையும் விடாமல் இறக்கினார். தம்பி தரைக்கு வந்ததும் கயிற்றை மேலே அந்த இரண்டு போல்ட்டில் முடிந்துவிட்டு, அதே கயிற்றில் தானும் இறங்க ஆரம்பித்தார். பாதி தூரம் வந்திருப்பார். தரைக்கு இன்னும் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது கை முகத்துக்குப் போனது.

அந்தச் சமயம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், ஓடிக்கொண்டிருந்தேன். தம்பியை அவிழ்க்காமல், நூறு மீட்டர் தள்ளி இருந்த மாந்தோப்புக்கு ஓடிவிட்டேன், அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அந்தக் கை முகத்துக்குப் போனதைப் பார்த்தேன். அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே கிரிகிரி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்தாலும் கயிற்றைப் பிடித்துக்கொள்கிற கருவி அது. கீழே நின்று பிடிக்கிறவனுக்குத்தான் அது வேண்டும் என்று நாங்களே வைத்திருந்த வழக்கம்.

தம்பியைத் தூக்கியது ஆடு மேய்க்கிற ஐயா. தலையிலிருந்து முழங்கால் வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் காய்ந்த மஞ்சம்புல்லைக் கொளுத்திப் புகையோடு நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். அந்தக் கம்பளியில் பாதியைத் தம்பிமேல் போட்டு, அரிவாளால் கயிற்றை அறுத்து, இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அந்தக் கம்பளியைப் பார்த்தேன், நாயுருவி ஒட்டிய மாதிரி கொடுக்கு கொடுக்காக, ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன வெள்ளைப் பை. கொட்டியதும் தேனீ செத்துவிடும், பை மட்டும் தோலில் உட்கார்ந்துகொண்டு விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நகத்தால் எடுக்கணுமா, கார்டால் வழிக்கணுமா என்று நாங்கள் கேள்விப்பட்ட விவாதமெல்லாம் வீண். எப்படியாவது, உடனே எடுக்கணும், முதல் அரை நிமிஷத்திலேயே பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசம் வரும், அது மற்ற தேனீக்களுக்கு ‘இங்கே கொட்டு’ என்று சொல்கிற வாசம். அதனால்தான் ஒருவனையே மொய்க்கிறது. நின்று கையை வீசினால் இன்னும் மோசம். முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடிக்கொண்டே இருக்கணும், தண்ணீரில் குதித்தால் மேலே காத்திருக்கும். இதெல்லாம் தரையில் இருக்கிறவனுக்கு. கயிற்றில் இருக்கிறவன் எங்கே ஓடுவான்?

பாறையடியில் டவர் இல்லை. ஜெராக்ஸ்காரர் ரோட்டுக்கு ஓடி 108-க்குப் போட்டார், அவர்கள் உடனே எடுத்துவிட்டார்கள், இடம் சொல்லத்தான் எங்களுக்கு வாய் வரவில்லை. நாங்கள் அந்தப் பாறைக்கு வைத்திருந்த பெயர் ‘பெரிய தோசை’. ஊர்க்காரர்கள் முனியப்பன் குண்டு என்பார்கள். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு இரண்டும் தெரியாது. எந்தப் பஞ்சாயத்து, எந்தப் பள்ளிக்கூடம் தாண்டி, வண்டி எதுவரை வரும் என்று சொல்லி முடிப்பதற்குள் பொன்னான நிமிஷங்கள் போயின. இப்போது நாங்கள் போகிற ஒவ்வொரு பாறைக்கும் ஒரு அட்டை இருக்கிறது, ஊர் வழங்கும் பெயர், கிராமம், வண்டி நிற்கும் இடம், அட்சரேகை தீர்க்கரேகை எண், டவர் எங்கே கிடைக்கும் என்பது வரை. பையின் மேல் உறையில் இருக்கும். அட்டையின் பின்பக்கம் வந்திருக்கிறவர்களின் ரத்த வகை, வீட்டு நம்பர், ஒத்துக்கொள்ளாத மருந்து.

ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. ஊர்ப் பெண்கள் இரண்டு கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள், ஆறு பேர் தூக்க, டீச்சரக்கா அண்ணன் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே நடந்தார். விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கியிருந்தால் கழுத்தில் இருப்பதும் போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். எவ்வளவு சரியாகத் தூக்கியும் அண்ணன் ஆம்புலன்ஸ் கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். ஹெல்மெட் போட்டிருந்தார். நெஞ்சில் அடி.

இதற்கு அப்புறம் நாங்கள் செய்த தப்பைச் சொல்லணும். அண்ணிக்கு யார் சொல்வது என்று மாற்றி மாற்றித் தள்ளி, கடைசியில் நான்தான் போன் பண்ணினேன். "கொஞ்சம் அடிபட்டிருக்கு அண்ணி, ஆஸ்பத்திரிக்கு வாங்க." ஊரில் எல்லாரும் சொல்கிற பொய்தானே என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு பிளாஸ்கில் ரசம் சாதம் கரைத்து, மாற்றுத்துணி, லுங்கி, துண்டு எல்லாம் கட்டைப்பையில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். அந்தக் கட்டைப்பையை வாங்கிக்கொள்ள ஒருவனுக்கும் கை நீளவில்லை. நேரில் போய், கூட ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு, உள்ளதைச் சொல்லியிருக்கணும். அவரைத் தனியாக ஆட்டோவில் வர விட்டதை அண்ணி மன்னித்துவிட்டார், நான் இன்னும் இல்லை.

தம்பி விஷயத்தில் இன்னொரு தப்பு நடந்திருக்கும், ஒரு நர்சம்மாவால் தப்பித்தோம். அவன் வந்தபோது மூச்சுத் திணறல், பிரஷர் இறங்கியிருந்தது, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதும் ஏறிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடிய சாதாரண ஊசிதான், ஆனால் அலர்ஜிக்கு முதலில் போட வேண்டியது அதுதான், அவில் மாத்திரை அதற்கு ஈடாகாது. சாயங்காலம் உட்கார்ந்து டீ குடித்தான். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, கண் திறக்கவில்லை, ஆனால் பேசினான். கொடுக்கு எடுத்த நர்சுகள் 340 வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் அப்பா, நல்லாத்தானே இருக்கிறான், காலையில் கூட்டிப்போய்விடலாமா என்று கேட்டார். எங்களுக்கும் அதே எண்ணம்தான். அந்த நர்சம்மா ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கொடுத்து, "இதுல போகச் சொல்லுங்க, நெறத்தப் பாத்துட்டு அப்புறம் வீட்டப் பத்தி பேசலாம்" என்றார்.

மறுநாள் காலையில் குடுவையில் இருந்தது கட்டங்காப்பி. அளவு அரை டம்ளர்கூட இல்லை.

நூற்றுக்கணக்கில் கொட்டினால் அது அலர்ஜி சமாச்சாரம் மட்டும் இல்லை, நேரடி விஷம். சதை கரைகிறது, ரத்த அணு உடைகிறது, அந்தக் கசடெல்லாம் போய் சிறுநீரகத்தில் அடைக்கிறது. முதல் நாள் பேசிக்கொண்டிருப்பவன் மூன்றாம் நாள் மோசமாவான். கூட்டமாகக் கொட்டு வாங்கியவர்களை, எவ்வளவு தெம்பாகப் பேசினாலும், ஓரிரண்டு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தமும் சிறுநீரும் பார்க்கணும் என்பது இதைப் படிக்கிறவர்கள் மனதில் நின்றால், நான் எழுதியது வீண் இல்லை. டயாலிசிஸ் அரசு ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்தார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் அவர்கள் குடும்பம் இருந்தது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், ஆனால் அட்டையை எங்கே வைத்தோம் என்று தேடி எடுக்கவே ஒரு நாள் ஆனது. முதல் 48 மணி நேரம் இலவசம் என்று சொல்கிறார்களே, அதுதான் இது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம், அது சாலை விபத்துக்கான திட்டம், மலையில் விழுந்தவனுக்கு இல்லை.

ஒரே ஆஸ்பத்திரி. பின்பக்கம் பிணவறை, மாடியில் ஐசியு. திங்கட்கிழமை மத்தியானம் பிரேதப் பரிசோதனை முடிந்து அண்ணனை வாங்க நின்ற பத்துப் பேரில் பாதிப் பேர் மாடிக்குப் போய் வந்தோம். மாடியில் அழக்கூடாது, தம்பியின் அம்மா பார்ப்பார், அவருக்கு அண்ணன் போனது தெரியாது. கீழே தம்பியைப் பற்றி நல்லதாக ஏதும் சொல்லக்கூடாது, அண்ணியின் காதில் விழும். மாடிப்படி நடுவில் ஒரு திருப்பம் இருக்கும், மாத்திரைக் குப்பையும் வெற்றிலைத் துப்பலுமாக, அங்கேதான் ஆளுக்கு இரண்டு நிமிஷம் நின்று அழுதுவிட்டுப் போனோம். அன்றைக்கு ராத்திரி ஏதோ ஒரு செல்போன் சேனலில் ‘தேனீ கொட்டி இருவர் பலி’ என்று வந்தது. இருவர்! ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த தம்பியின் சித்திக்கு அது வந்து சேர்ந்து, அவர் போட்ட அலறலில் வார்டே எழுந்துவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர்தான் பதற்றத்தில் யாரிடமோ தப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் வெளியே பேசுவது டீச்சரக்கா மட்டும், பாறையடியில் எடுத்த போட்டோ வீடியோ எல்லாம் எல்லார் போனிலும் அழிப்பது என்று முடிவு பண்ணினோம். இரண்டு நாள் முன்னாலேயே அந்த முடிவு இருந்திருக்கணும்.

2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவு வந்தபோது, நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்துப் பயிற்சி ஆட்கள் மாட்டிக்கொண்டார்களே, அந்த மாதத் தேடலில் 27 உடல் கிடைத்தது, இரண்டு பேரைக் காணவில்லை. அப்போது எங்கள் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வரிசையாகப் போட்டுவிட்டு, 5,670 மீட்டர் மலை, நமக்கெல்லாம் அது எங்கே என்று பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனோம். நானும்தான். 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும் அப்படித்தான், ‘வழிகாட்டி சரியில்லை’ என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. உத்தரகாண்டில் இரண்டு பேரைக் காணவில்லை என்ற வரி மட்டும் ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அந்த இரண்டு வீட்டில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள், சமைத்திருப்பார்களா என்று.

கணக்குக்கு வருகிறேன். 60 மில்லி. 80. 110. 90. ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகணும், 400-க்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஐசியு வாசலில் முறை வைத்துக்கொண்டோம், ஷிப்டு முடிந்து வருகிறவன் ராத்திரி, டீச்சரக்கா மத்தியானம். காலை ஏழு மணிக்கு நர்ஸ் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எழுதுவார், வாசலில் இருக்கிறவன் அந்த எண்ணைக் குழுவில் போடுவான், கீழே இருபது பேர் கைகூப்புவார்கள். இந்தக் குழுவில்தான் முன்பு எவன் எவ்வளவு கஷ்டமான பாறையை ஏறினான் என்று எண் போட்டுப் பீற்றிக்கொள்வோம். அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று நல்ல எண் வரும் என்று எல்லாருக்கும் ஒரு நப்பாசை இருந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. 70 வந்தது. காரிய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது போன்கள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் துடித்தன, இலை முன்னால் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணிதான் சாம்பார் வாளியோடு வந்து கேட்டார், "எத்தனையாம்?" அவருக்கு அதுவரை கணக்குத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணன் மகள் தினமும் தன் போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

இருபத்தோராம் நாள் 160. அப்புறம் 300. அப்புறம் மடை திறந்த மாதிரி இரண்டு லிட்டர், மூன்று லிட்டர். அப்படிப் போவதும் ஆபத்துதானாம், உப்பெல்லாம் வெளியே போய்விடும், அதற்கும் பாட்டில் ஏற்றினார்கள். ஆனால் மூன்று லிட்டர் என்று வந்த காலையில் ஜெராக்ஸ்காரர் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். தம்பி சித்திரையில் வீட்டுக்குப் போனான்.

பணம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. அண்ணன் ஒரு தனியார் விபத்துக் காப்பீடு வைத்திருந்தார். ஆபத்தான விளையாட்டு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது, தள்ளுபடி பண்ணிவிட்டார்கள். உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அண்ணியின் தம்பி பாஸ்புக்கைப் புரட்டியபோது மே மாதத்தில் 20 ரூபாய் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது, பிரதமரின் சுரக்ஷா பீமா, வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். அண்ணனுக்கே அதில் சேர்ந்த ஞாபகம் இருந்திருக்காது. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது மாதிரியான விஷயங்களுக்கு உடனடி ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் ஆதாரமாகக் கேட்கிறார்கள், நாங்கள் அந்த முதல் சீட்டை ஆம்புலன்ஸ் அவசரத்தில் கசக்கி எறியாமல் வைத்திருந்தது ஜெராக்ஸ்காரரின் தொழில் புத்தி. விண்ணப்பம் உரிய நாளுக்குள் போய்விட்டது.

போலீஸார் ஐயா அறுத்த கயிற்றையும் கருவிகளையும் விசாரணை முடிந்ததும் ஒரு கோணிப்பையில் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணனின் இடுப்புப் பட்டையான ஹார்னெஸில், வலது பக்க வளையத்தில், அந்த ஆறு மில்லிமீட்டர் துண்டுக் கயிறு கட்டியபடியே இருந்தது. இதை மூன்றாவது கை என்போம். இறங்கும்போது பிரதான கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டால், கை விட்டுப்போனாலும் அது இறுக்கிப் பிடித்து அப்படியே நிறுத்திவிடும். சுற்றி மாட்டப் பதினைந்து நொடி. எங்களுக்கெல்லாம் அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். முகத்தில் நூறு தேனீ உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதினைந்து நொடி கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, அதனால் அவர் போட்டிருக்கணும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். ஆனால் மேடையில் போய் நின்றவுடனே, எல்லாம் அமைதியாக இருக்கும்போதே, இறங்குவதற்கு மாட்டிவைத்துவிட்டுத்தான் அடுத்தவனை மேலே எடுப்பது என்று ஒரு பழக்கம் இருந்திருந்தால்? நாங்கள் விழுவதற்குத்தான் தயார் பண்ணிவைத்திருந்தோம், போல்ட், ஹெல்மெட், கயிறு எல்லாம் அதற்குத்தான். நல்ல நினைவோடு இருக்கிற ஒரு ஆள் தன் கையைத் தானே கயிற்றிலிருந்து எடுக்க வேண்டிவரும் என்று ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இப்போது கிரிகிரி மூன்று இருக்கிறது, எல்லாரும் ஓவர்டைம் காசு போட்டு வாங்கினோம். ஏறுகிறவர் ஒவ்வொருவர் பையிலும் தலையை மூடுகிற தேனீ வலை ஒன்று, மடித்தால் கைக்குட்டை அளவு. தையிலிருந்து முதல் மழை விழும் வரை அடை தெரிகிற பாறைப் பக்கமே போவதில்லை. ஐயாவிடம் கேட்டால், "மழ விழுந்தா அது வேற மலைக்குப் போயிரும் சாமி, நீங்க ஏன் அவசரப்படறீங்க" என்கிறார். நியாயம்தான். அவருக்குப் புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தோம், பழையதைத் தூக்கிப் போடவில்லை, இரண்டையும் போட்டுக்கொள்கிறார்.

மூன்று பேர் குழுவிலிருந்து போய்விட்டார்கள். வீட்டில் விடவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏறுவதா விடுவதா என்று மீதிப் பேருக்கும் ஆனி மாதம் வரை தெரியவில்லை. ஒரு ஞாயிறு, அதே ஊரில், பாறைக்குப் போகாமல் ஏரிக்கரைப் புளியமரத்தில் கயிறு போட்டோம். கண்ணை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு மூன்றாவது கையைச் சுற்றி மாட்ட வேண்டும், மாட்டி ஆறடி உயரத்தில் தொங்கிக்கொண்டு, இரண்டு கையையும் எடுத்துக் காட்ட வேண்டும். அண்ணன் மகளும் வந்திருந்தாள், கிளைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு இன்னும் பாரம் தூக்கக் கூடாது, உப்பு குறைவு, சிறுநீரகத்துக்காக மாதம் ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கணும், அதனால் போனில் நேரம் பார்க்கிற வேலை அவனுக்கு. எனக்கு முதல் தடவையே பன்னிரண்டு நொடியில் முடிச்சு விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டது, இடுப்பில் தெரிந்தது.

"கைய விடுங்கண்ணா" என்றான் தம்பி.

நான் விடவில்லை. கண்கட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை, புளியமரத்தில் ஏதோ வண்டு ரீங்காரம் கேட்டது.

"விடுங்கண்ணா. புடிச்சிருச்சி. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

அவன் போனில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தேழு நொடி ஆனதாம் எனக்கு.